ஏழாவது மாறிலி

திரையில் மாறிலிகள் சி-ஏழில் தொடங்கின.

சி-ஒன்று இல்லை. சி-ஆறு வரை எதுவுமே இல்லை.

அவை எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய பழைய நோட்டில், திரையில் ஓடும் நிரூபணத்துக்கு முந்தின பக்கத்தில்.

எண்ணைக்கூட மாற்றவில்லை. திருட்டுக்கும் ஒரு உழைப்பு வேண்டாமா?

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்ரஸர் அறையில் இரவு ஷிப்ட் முடித்து, சீருடையோடு நேரே வந்திருந்தாள். காதில் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. யாரும் வரலாம், யாரும் கேட்கலாம். வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சமோசா கொடுத்தார்கள்.

"என்னம்மா, டியூட்டி முடிஞ்சு தூங்கப் போகலையா?" என்று சிரித்தார் நெறியாளர்.

அவரிடம்தான் மூன்று வருடத்துக்கு முன் ஆய்வைப் பாதியில் விட்டாள். அமுங்குகிற, பாகுத்தன்மையுள்ள வாயுவின் ஓட்டத்துக்கு எப்போதும் தீர்வு உண்டு என்று நிறுவும் நாற்பது பக்கங்கள். "உனக்கு இது ஒத்துவராது" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்று அதைத்தான் அவருடைய புது மாணவன் விளக்கிக்கொண்டிருந்தான். நன்றிப் பக்கத்தில் நெறியாளர், அவர் மனைவி, ஒரு சாமி.

அவள் இல்லை.

மூன்றாம் வரியில் அடர்த்தியால் வகுத்திருந்தது.

அதுவும் அவளுடையதுதான். அவள் செய்த தப்பு. வாயு ஓரிடத்தை விட்டு முழுக்க விலகினால் அங்கே அடர்த்தி சுழி. சுழியால் யார் வகுப்பார்? வேலைக்குப் போன பிறகு, ஓடும் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது. சரிசெய்ய ஒரு வருடம் ஆயிற்று. திருத்தத்தை எழுதிய நான்கு தாள்களும் மடியிலிருந்த பையில் இருந்தன.

வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பார்வையாளர்ல யாருக்காவது கேள்வி?"

எழுந்தாள்.

"மூணாவது வரிங்க சார். அங்க வெற்றிடம் வந்தா?"

மாணவன் திரையைப் பார்த்தான். பிறகு நெறியாளரைப் பார்த்தான்.



"சொல்லுங்க தம்பி," என்றார் தேர்வாளர். "அடர்த்தி சுழியாகாதுன்னு எங்க நிரூபிச்சிருக்கீங்க?"

நெறியாளர் எழுந்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவளைக் கைகாட்டினார்.

"அந்த அத்தியாயம் முழுக்க இவங்க பண்ணது சார். ஆவுடைச்செல்வி. தப்பு அவங்களோடது."

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். அறிக்கையில் அந்தப் பெயரை எழுதத் தொடங்கி நிமிர்ந்தார்.

"இனிஷியல் என்னம்மா?"

சொன்னாள்.

அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு பையின் ஜிப்பைத் திறந்தாள்.