மிச்சம் பிடித்த நாலு அடி

ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை.

மூக்கு சொல்லிவிட்டது.

வற்றல் நெடி. குண்டு மிளகாய், புதுச் சரக்கு. நேற்று அவரே மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்து அனுப்பச் சொன்னது.

அவருடைய மண்டி வாசல்.

மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகத்தில் ஆக்சிஜன் மூடி. காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஏழாவது நிமிடம் வண்டி வந்துவிட்டது. அகலப்படுத்திய புது ரோடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பத்தே நிமிடம் என்றாள் நர்ஸ்.

இங்கேயே ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.

போர்வைக்கு அடியில் அவள் கை அவர் கைக்குள் இருந்தது.

"இந்த ஒரு எடம்தான் சிஸ்டர்," என்றார் டிரைவர், முன்னாலிருந்து. "மத்த கடைக்காரன் எல்லாம் குடுத்துட்டான். இங்க மட்டும் யாரோ ஒரு மகராசன் மாட்டேன்னுட்டான்."

அந்த மகராசன் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

கடை வீதியை அகலப்படுத்தியபோது கடைக்கு ஐந்து அடி கேட்டார்கள். முப்பத்தாறு பேர் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தால் அப்புறம் என்ன வியாபாரி?

அவர் கோர்ட்டுக்குப் போவேன் என்றார். போகிற எண்ணமெல்லாம் இல்லை. விலை கேட்பதற்கு முன்னால், சரக்கு ஈரமாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பார்கள் இல்லையா, அது.

ரோடு போட்ட காண்ட்ராக்டரும் சந்தையில் வளர்ந்த ஆள். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார்.

துண்டுக்கு அடியில் இரண்டு கைகள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விரல்தான் பேசும்.

காண்ட்ராக்டர் இவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஐந்து அடி.

இவர் அவருடைய ஒரு விரலை மட்டும் பிடித்தார்.

நாலு. மூன்று. இரண்டு. காண்ட்ராக்டர் இறங்கிக்கொண்டே வந்தார். இவர் ஒன்றிலேயே நின்றார். துண்டுக்கு அடியில் ஒரு சட்டம் உண்டு. கையை முதலில் எடுக்கிறவன்தான் பேரத்தை முறித்தவன். இவர் எடுக்கவில்லை.

ஒன்றில் முடிந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

"ரோட்டுகிட்டயுமா பேரம் பேசுவீக?" என்றாள் அவள். "குடுக்கலைன்னா அது என்ன, வேற கடை பாத்துப் போயிருமா?"

அவள் மாட்டுத் தரகர் மகள். விரல் பாஷை அவளுக்கும் தெரியும். கல்யாண வீட்டில் அவர் யாரிடமாவது பேச்சில் உட்கார்ந்துவிட்டால், முந்தானைக்கு அடியில் அவர் விரலைப் பிடிப்பாள். ஒரு விரல். ஒரு நிமிடத்தில் கிளம்ப வேண்டும். அவர் ஐந்து கேட்பார். மூன்றில் முடியும்.

ரோடு போட்டு நாலு மாதம். ரோடு ஒடுங்கி வளைகிற இந்த இடத்துக்கு மண்டி முடக்கு என்று பேராகிவிட்டது. மினிபஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் சொல்லி இறக்கிவிடுகிறான். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

சைரன் கத்திக்கொண்டே இருந்தது.

அவர் இப்போதுதான் கண்ணாடி வழியே பார்த்தார்.

முன்னால் வற்றல் லாரி. பின்கதவு திறந்து, மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே வந்த பஸ் லாரியை ஒட்டி நுழைந்து அப்படியே சிக்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஆட்டோக்கள். மற்ற கடைகள் எல்லாம் உள்ளடங்கி நிற்க, அவர் கடை மட்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் நின்றது.

"லாரிய எடுய்யா," என்றார் டிரைவர்.

"நாலே மூட்டைதாண்ணே." சங்கிலியின் குரல். இருபது வருஷமாக அவருக்கு மூட்டை தூக்குகிறவன். "பாதி எறக்குன லாரி வாசல விட்டு நகரக் கூடாதுண்ணே. அபசகுனம், சரக்கு தங்காது. முதலாளி வைவாக."

அது அவர் சொல்லிவைத்த விதிதான்.

இறங்கி ஒரு சத்தம் போட்டால் போதும். எழுந்தார்.

போர்வைக்கு அடியில் அவள் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தாள்.

ஒன்று.

"ரெண்டே நிமிஷம்," என்றார். அவளுடைய இரண்டு விரலைப் பிடித்துக் காட்டினார்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு மறுபடியும் சுண்டுவிரல். முன்னைவிட லேசாக.

ஒன்று.

அவர் கையை எடுக்காமல் உட்கார்ந்தார். மற்றக் கையால் கண்ணாடியை நகர்த்தினார்.

"சங்கிலி."

வெளியே சங்கிலி திரும்பிப் பார்த்தான்.

"லாரிய எட்றா."

மிளகாய்த் தூசி அப்பிய முகம் ஒன்று கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தது. உள்ளே அவரைப் பார்த்தது. படுத்திருந்தவளைப் பார்த்தது.

"ஆத்தாவா உள்ள இருக்கு?" என்றான் சங்கிலி.

முதுகில் இருந்த மூட்டையை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டு ஓடினான். மூட்டை வாய் பிரிந்து வற்றல் உருண்டது. லாரி உறுமியது. ஆம்புலன்ஸ் வற்றல்மேல் ஏறி நகர்ந்தது. சக்கரத்துக்கு அடியில் காய்ந்த சத்தம்.

"வழி வந்துருச்சு," என்றார் டிரைவர்.

அங்கிருந்து ரோடு வழவழவென்று ஓடியது. ஒரு குலுக்கல் இல்லை. முப்பத்தாறு பேர் கொடுத்த ரோடு.

நர்ஸ் திரையைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, போர்வையை விலக்கி, இரண்டு கையையும் படுத்திருந்தவள் நெஞ்சின்மேல் வைத்து அழுத்தினாள்.

"ஐயா, கைய எடுங்க. தள்ளிக்கங்க."

அவர் எடுக்கவில்லை.

அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஐந்தையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார்.

ஐந்து.

பதில் விரலுக்குக் காத்திருந்தார்.