முதல் சொட்டு

பாஸ்போர்ட்டை அவளேதான் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

சர்வர் அதில் பிறந்த வருடத்தைப் பார்த்தான். எதிரே உட்கார்ந்திருந்த அவள் மகனைப் பார்த்தான். சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

வியட்நாமில் குடிக்கப் பதினெட்டு போதும். தமிழ்நாட்டில் இருபத்தொன்று. திருச்சியில் விமானம் ஏறி இறங்குவதற்குள் கபிலனுக்கு மூன்று வயது கூடிவிட்டது.

அந்த இருபத்தொன்றை அவள் மலைபோல நம்பியிருந்தாள்.

கபிலனின் அப்பா போய் மூன்று வருடமாகிறது. ஈரல் கெட்டுப் போனார். கடைசியில் கண்ணெல்லாம் மஞ்சள். அப்போதும் கை தலையணைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் சொந்தக்காரர்கள், "அப்பன அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்" என்றால் பூரித்துப் போவாள். இப்போது அந்தப் பேச்சு எழுந்தால் காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுகிறாள்.

அடுத்த மாதம் பையன் கல்லூரி விடுதிக்குப் போகிறான். அங்கே எவன் ஊற்றிக் கொடுப்பானோ. அதற்கு முன்னால், முதல் வாய் தன் கண்ணெதிரில் இருக்கட்டும் என்று நினைத்தாள். ஒரே ஒரு கிளாஸ். கசக்கட்டும். முகம் சுளிக்கட்டும். இவ்வளவுதானா என்று ஆகிவிடட்டும்.

பயந்தவள் போடுகிற கணக்கு. வேறெப்படி இருக்கும்.

பீர் வந்தது. கேட்காமலே ஒரு தட்டில் வேகவைத்த வேர்க்கடலையும் வந்தது, ஓட்டோடு.

ஆற்றோரத்துக் கடை. பட்டப்பகல். அவர்கள் மேசைக்கு மூன்று நாற்காலிகள்.

கபிலன் கிளாஸைத் தன் பக்கம் இழுத்தான். மோதிர விரலை நுரையில் நனைத்தான். தரையில் இரண்டு முறை சுண்டினான்.

கை தானாகச் செய்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்ததோ ஆற்றில் போன படகை.

அவள் பார்வை அந்த விரலிலேயே நின்றது.

கல்யாணமான புதிதில், ஏற்காட்டில், ஒரே ஒரு முறை அதைப் பார்த்திருக்கிறாள். இதே விரல். இதே இரண்டு சுண்டு. "போனவங்களுக்கு மொதல்ல" என்றார் அவர். குடிகாரனுக்கும் ஒரு பக்தியா என்று அன்றைக்குச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் கண்ணெதிரே அவர் குடித்ததில்லை. வீட்டுக்குள் பாட்டில் வராது என்று சத்தியம் செய்தார். படுக்கையில் விழுகிறவரைக்கும் அந்த ஒரு சத்தியத்தைக் காப்பாற்றினார்.

அப்படியானால் இவன் எங்கே பார்த்தான்?

அப்பாவும் பிள்ளையும் தனியாகப் போன இடம் ஒன்றுதான். சனிக்கிழமை செஸ் வகுப்பு.

அவள்தான் சேர்த்துவிட்டாள். முடிகிறவரை கூடவே இருந்து கூட்டிவர வேண்டும் என்று சொல்லி அவரையும் அனுப்பினாள். செஸ் ஒரு சாக்கு. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த மனுஷன் கடைக்குப் போவான்? சனிக்கிழமைகளில் அவர் வாயில் பீடா மணக்கும். அவ்வளவுதான். ஒரு நாள் தப்பித்தோம் என்று அன்றைக்கு மட்டும் பாட்டு முணுமுணுத்தபடி தோசை வார்ப்பாள்.

நான்கு வருடம் செஸ் கற்ற பிள்ளை ஒரு மெடல்கூட வாங்கியதில்லை. அதற்கு அவனைத்தான் கேலி செய்தாள்.

பூனைக்குக் காவலாகக் குஞ்சை அனுப்பியிருக்கிறாள்.

அவள் பார்ப்பதைக் கபிலன் பார்த்துவிட்டான். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எத்தன தடவ குடிச்சிருக்க?" என்று கேட்டாள். குரல் யாருடையதோ போலிருந்தது.

"குடிச்சதில்லம்மா. சத்தியமா. அப்பா நாக்குல படக்கூட விடமாட்டாரு." கடலைத் தட்டைப் பார்த்தபடியே பேசினான். "சொட்டு விடுறது மட்டும் என் வேல. சின்னப் புள்ள கை ராசிம்பாரு."

பிறகு, அவள் கேட்காததையும் சொன்னான்.

"அந்த பார் செவுத்துல போர்டு இருக்கும்மா. இருபத்தோரு வயசுக்குக் கீழ அனுமதி இல்லன்னு. அதுக்கு நேர் கீழதான் எங்க டேபிளு."

ஆறாம் வகுப்பில் இருக்கும்போது சேர்த்தாள் அவனை அந்தச் செஸ்ஸுக்கு. போர்டையெல்லாம் படிக்கத் தெரிந்த வயதுதான்.

யார் மேல் ஆத்திரப்படுவது? போனவர் மேலா, போர்டுக்குக் கீழே பிள்ளையைப் பார்த்தும் ஊற்றிக் கொடுத்தவன் மேலா, சட்டை மாட்டித் தலைசீவி அனுப்பி வைத்தவள் மேலா?

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

கபிலன் கிளாஸின் ஈரத்தைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"சனிக்கிழம மட்டுந்தாம்மா நீ சிரிச்சிக்கிட்டு இருப்ப."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கபிலன் கிளாஸை மெதுவாக நகர்த்தினான். மூன்றாவது நாற்காலிக்கு எதிரே வைத்தான். நுரை முழுக்க அடங்கியிருந்தது.

கடலைத் தட்டை இழுத்து உரிக்கத் தொடங்கினான். பழகிய விரல்கள், அழுத்தியதும் ஓடு திறந்துகொண்டது. ஒரு பருப்பையும் தன் வாயில் போடவில்லை. கிளாஸுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தான்.

அவளும் ஒரு கடலையை எடுத்து உரித்தாள்.

எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.