படத்தில் உள்ளபடி

மணிக்கூண்டுக் கடைவீதியை இடிப்பதற்கு முன் நகராட்சி ஒரு படம் வெளியிட்டது. நிழல் மரங்கள், கல் பாவிய நடைபாதை, சிரித்தபடி போகிற ஜனங்கள். மூன்றே வருடத்தில் வீதி அச்சு அசலாக அப்படியே எழுந்தது. பிறகு, சொன்ன சொல் இம்மியும் பிசகக் கூடாது என்று, ஜனங்களையும் அப்படியே நிறுத்தினார்கள். படத்தில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் வீதியில் வீடு.

வடிவுக்குக் கிடைத்தது, படத்தில் ஒரு சிறுமியோடு நிற்கிற பச்சைச் சேலைக்காரியின் இடம். தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழுவரை, ஐந்து வயது மகள் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு கயிறு கட்டி மறித்த வேப்பமரத்தடியில் சிரிக்க வேண்டும்.

இரண்டு வருடம் ஓடியது. வடிவு மகளுக்குச் சோற்றைக் குறைத்துப் பார்த்தாள். பாவாடைக்குள் முழங்காலை மடக்கி நிற்கவும் பழக்கினாள். ஆனாலும் ஒருநாள் மேற்பார்வையாளர் கோமதியின் உயரத்தை அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டினார்.

"நாலு விரல் கூடிட்டாம்மா. நாளைக்கு வேற பிள்ளை வரும். இது கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கட்டும்."

"இவ எம் மக சார்."

"படத்துல அப்படி எழுதலையேம்மா."

மறுநாள் யாரோ பெற்ற பிள்ளையின் வியர்த்த கை வடிவின் கைக்குள் இருந்தது. கம்பத்துக் கேமரா திரும்பியதும் அவள் சிரித்தாள்.

"எம்மா, இங்கன நிக்கேன். இங்க பாரேன்!" கயிற்றுக்கு அப்பாலிருந்து கோமதி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

படத்தில் பச்சைச் சேலைக்காரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.