இரண்டாவது வரிசை

"அமீபா முழுசும் செத்துப்போச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அந்த மருந்துக்குக் கையெழுத்துப் போட என்ன தயக்கம், மேடம்?"

ப்ளோவ்திவ் நகரக் கண் மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஸ்விலென் தொலைபேசியில் கத்தாத குறைதான். மறுமுனையில் சோஃபியா நகர மருந்து ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டர் கனேவா.

"முதல் வரிசைத் தட்டுல அமீபா செத்துச்சு. இரண்டாவது வரிசையில மனுஷக் கண்ணோட செல்லை வளர்த்து வச்சிருந்தேன். அதுவும் செத்துச்சு. உங்க மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியல, டாக்டர்."

"கொஞ்சம் செல் போனா மறுபடி வளரும். கண்ணே போனா?"

"கொஞ்சம் இல்ல. ஒண்ணுகூட மிஞ்சல."

நோயாளி பிலியானா, நகரப் பேருந்து ஓட்டுநர். விடுமுறைக்கு மலைப்பக்கம் போனவள், கான்டாக்ட் லென்ஸ் டப்பாவில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டாள். கண்ணுக்கு அந்தத் தண்ணீர் நல்லது என்று நாட்டில் பாதிப் பேர் நம்புகிறார்கள், அவளும் நம்பினாள். அதிலிருந்த அமீபா இடது கண்ணில் குடியேறிவிட்டது. வழக்கமான சொட்டு மருந்து விட்டால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்கிறது. மருந்தின் வேகம் அடங்கியதும் வெளியே வருகிறது. கண் போனால் பேருந்தும் போச்சு. அதனால்தான் அதே மருந்தைப் பத்து மடங்கு வீரியத்தில் கேட்டார் ஸ்விலென்.

"அந்தப் பொண்ணு வலி தாங்காம தலையணையைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கா. ஒரு தடவை வந்து பாருங்க மேடம், மனசு இளகும்."

"இளகும்னுதான் வரல."

ஸ்விலென் தொலைபேசியைப் பட்டென்று வைத்தார்.

"கல்லு," என்றார் நர்ஸ் பென்காவிடம். "அந்தம்மா வைத்தியம் பார்க்கிறது ஆளுக்கு இல்ல, தட்டுக்கு."

ஆனால் முழுசாக வெறுக்கவும் அவரால் முடியவில்லை. எப்போது கூப்பிட்டாலும் கனேவா ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார். இரண்டு பழைய மருந்துகளை எடுத்துக்கொண்டார்; ஒன்று ஓட்டை உடைக்க, இன்னொன்று உள்ளே இருப்பதைக் கொல்ல. இரண்டையும் நீர்க்க நீர்க்கக் கலந்து பார்த்தார். ஒரு கலவையில் செல் பிழைத்தது, அமீபாவும் பிழைத்தது. இன்னொன்றில் இரண்டுமே காலி. தோற்றதையெல்லாம் மறைக்காமல் அவரே சொன்னார். இப்படி ஒரு பிடிவாதத்தை ஸ்விலென் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. நாளடைவில், "இரண்டாவது வரிசை எப்படி இருக்கு மேடம்?" என்றுதான் அவரே முதலில் கேட்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை கனேவாவே கூப்பிட்டார்.

"முதல் வரிசை காலி. இரண்டாவது வரிசை உயிரோட இருக்கு. மருந்து வருது, டாக்டர்."

குரல் கரகரத்தது. பாவம், தூங்கியிருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டார் ஸ்விலென்.

மருந்து கேட்டது. முதலில் வலி விட்டது, பிறகு சிவப்பு வடிந்தது. பார்வைப் பலகையில் கீழ் வரி வரைக்கும் பிலியானா கடகடவென்று படித்துக் காட்டிய அன்று, ஸ்விலென் சோஃபியாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், உங்களைக் கல்லுன்னு திட்டினேன். மன்னிச்சிடுங்க. இனிமேலாவது அந்தப் பொண்ணை வந்து பாருங்க."

"அளவைக் கூட்டணுமா குறைக்கணுமான்னு நான்தானே முடிவு பண்ண வேண்டியிருந்தது. இன்னிக்குக் கடைசிக் கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப வரலாம்."

மறுநாளே வந்தார். ஒல்லியான பெண்மணி, கசங்கின கோட்டு, கையில் ஒரு தூக்கு. அறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஸ்விலென்தான் பெருமையாக உள்ளே அழைத்துப்போனார்.

"பிலியானா, உன் கண்ணைக் காப்பாத்தினவங்க இவங்கதான். ஒரு நன்றி சொல்லு."

"இவங்களா?" பிலியானா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அவள் கண் இரண்டும் நிறைந்துவிட்டன.

"தினமும் போன்ல 'வேலை இருக்கு, வேலை இருக்கு'ன்னே தட்டிக் கழிச்சியே... இதுதான் அந்த வேலைன்னு பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"