பட்டன் வைத்த ரெக்கார்டர்

"இதை எடுத்துக்கங்கம்மா, டச் ஸ்கிரீன். விரலை வெச்சா வழுக்கிட்டு ஓடும்!"

"ஓடி எங்க போச்சுன்னு யார் தேடறது? கண் தெரியாதவங்க பதிவு பண்ற மெஷின் வேணும்னு போன்லயே சொன்னேனே?" என்றாள் அவள்.

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வருகிறவர்களை வாசற்படியிலேயே எடைபோட்டுவிடுவதில் அவருக்கு முப்பது வருடப் பெருமை. இந்த ஜோடியையும் போட்டாயிற்று: வெடுக்கென்று பேசும் மனைவி, அவளோடு கைகோத்தபடி, கறுப்புக் கண்ணாடியும் மூடிய வாயுமாகக் கணவர். பாவம்!

"அப்போ சாருக்கு இது தோதா இருக்கும்" என்று அடுத்ததை வைத்தார். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

"பதிவாகுதுன்னு எப்படித் தெரியும்?"

"சிவப்பு லைட் எரியும்மா."

"எரிஞ்சு என்ன பிரயோஜனம்? போன மாசம் ஒரு மணி நேரப் பேட்டி, ஒரு இருமல்கூடப் பதிவாகலை. நாளைக்கு பாட்காஸ்ட்டோட முதல் நிகழ்ச்சி. துணைக்கு ஆள் இல்லாம, தனியா பதிவு பண்ணணும். இன்னொரு தடவை கவுந்தா மானம் போயிடும்."

மூன்றாவது, கனமாக, அழகில்லாமல் இருந்தது. ஆனால் பட்டன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அமுக்கினாள், 'பதிவு தொடங்கியது' என்றது. ஒலியைக் கூட்டும் திருகு 'டக், டக்' என்று விரலுக்குக் கணக்குச் சொன்னது. ஹெட்ஃபோனில் மெனுவை வரிவரியாக வாசித்தது. கொஞ்சம் பேசினாள், நிறுத்தினாள், கேட்டாள். முகம் மலர்ந்தது.

"இதேதான்!"

"என்ன கைம்மா உங்களுக்கு! இதைப் பழகறதுக்கு மத்தவங்க வாரக்கணக்கா மல்லுக்கட்டுவாங்க."

கணவரின் மீசைக்கடியில் பெருமிதம் வழிந்தது. அடுத்து அவள் பேரம் பேசிய அழகில், இலவசமாக ஒரு மைக்கையும் கொடுத்துவிட்டுத்தான் கடைக்காரருக்கு மூச்சே வந்தது. மனைவி என்று அமைந்தால் இப்படியல்லவா அமைய வேண்டும்!

கணவரின் இன்னொரு கையைக் கடைக்காரர் தாமே பிடித்துக்கொண்டார். "மெதுவா சார், மூணு படி." மூவரும் சங்கிலிபோல் இறங்கினார்கள்.

கணவர் கார் கதவைத் திறந்து மனைவியை உட்காரவைத்தார். பிறகு சுற்றிவந்து, ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமியது.

கடைக்காரர் ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினார். "ஐயோ அம்மா! சார் வண்டியை எடுக்கறாரே!"

ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"நான் எடுத்தாதான் அண்ணே பயப்படணும், கண் தெரியாதவ நான்தான். எந்தக் கடைக்குப் போனாலும், எனக்கு என்ன வேணும்னு இவர்கிட்டதான் கேட்பாங்க. நீங்க ஒருத்தர்தான் என்கிட்டயே பேசி வித்திருக்கீங்க!"