அவசரம் லேது

மேட்னி முடிந்து திருத்தணி டாக்கீஸிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம், பார்த்த தெலுங்குப் படத்தின் உட்பொருளை மனைவிக்கு விளக்கிக்கொண்டே நடந்தார் துளசிங்கம்.

“கடைசில அவன் கட்டிக்கிறியான்னு கேக்கறான். அவ ‘அவசரம் லேது’ன்றா பாரு, அதான் படமே. காதல்ல அவசரம் கூடாதுன்றான் டைரக்டர்.”

“அப்ப அவன் ஏன் அழுதுகினே போறான்?” என்றாள் கோமளவல்லி. நகரியில் தெலுங்கு பேசி வளர்ந்தவள்.

“ஆனந்தக் கண்ணீர். நான் காத்துக்கினு இருக்கலியா? பொண்ணு பாக்க வந்தப்ப நீயும் இதையேதான சொன்ன?”

கோமளவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தெலுங்குல அவசரம்னா தேவைங்க. அவ ‘நீ தேவையில்ல’ன்னு சொல்லிட்டா.”

துளசிங்கம் நின்றுவிட்டார். “அப்ப நீயும்...”

“ஆங். வேணாம்னுதான் சொன்னேன். நீங்க பாட்டுக்குக் கிருத்திகைக்குக் கிருத்திகை மலைப் பஞ்சாமிர்தத்தோட வந்து நின்னீங்க. மறுபடி எப்படிங்க சொல்றது?”

அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார்.

“இப்ப?” என்றார் மெதுவாக.

“அவசரம்” என்றாள் கோமளவல்லி, தெலுங்கில்.