தொண்ணூற்றைந்து லிட்டர்

“நூத்தி இருபத்தஞ்சு லிட்டரா? ஜிப்பைத் திறக்கவே வேண்டாம். அப்படியே ஓரமா வைங்க.”

உறையின் மேல் எழுதியிருந்த எண்ணைப் பார்த்ததுமே கணக்கு வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே இருக்கிற பலகை சிவப்பா பச்சையா என்றுகூடப் பார்க்கவில்லை. அவருக்கு எண் போதும், பொருள் எதற்கு.

பாய்மரம் கட்டிக் கடலில் காற்றில் ஓட்டுகிற பலகைகளைப் பழசாக வாங்கி, ஒட்டுப் போட்டு விற்கிற கடை அது. சுவரோரம் ஏழெட்டுப் பலகைகள் உறையோடு சாய்ந்து நின்றன. வாத்தியாரின் மனைவி பிசின் நாற்றத்துக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“சார் எவ்வளவு வெயிட்?” கடைக்காரர் கேட்டார்.

“எழுபத்தெட்டு.”

சொல்லும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். சட்டைப் பொத்தானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

“லிட்டர்ங்கறது பலகை எவ்வளவு பாரம் தாங்கும்ங்கற கணக்கு சார். லிட்டர் குறைஞ்சா பலகை சிறுசு, வேகம் ஜாஸ்தி. ஆனா காத்து நின்னுட்டா நீங்க பலகையோட உள்ள போயிடுவீங்க. இதுதான் உங்களுக்கு முதல் சின்னப் பலகைன்னா, கொஞ்சம் கூடவே வச்சு...”

“கணக்கை எனக்கே சொல்லித் தர்றீங்களா?”

இந்த ஜம்பத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒரு வருஷமாக அவர் ஓட்டியது பயிற்சிப் பள்ளியின் இருநூறு லிட்டர் பலகை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு அகலம். அதில் விழாமல் போய்த் திரும்பி வர இப்போதுதான் வந்திருந்தது.

“தொண்ணூத்தஞ்சு லிட்டர் இருந்தா எடுங்க. அதுக்கு மேல ஒரு லிட்டர் ஏறினாலும் வேண்டாம்.”

“அதென்ன சார், கரெக்டா தொண்ணூத்தஞ்சு?”

வாத்தியார் சுவரோரப் பலகைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிதான் சொன்னாள். “என் தம்பியோடது தொண்ணூத்தஞ்சு. போன வருஷம் இந்தக் கடையிலதான் வாங்கினான்.”

கடைக்காரருக்கு இருமல் வந்தது.

அந்தத் தம்பிதான் வாத்தியாரின் தூக்கத்தைக் கெடுத்தவன். வாரா வாரம் கரையில் எல்லார் முன்னாலும், “அத்தான், வீட்டுக் கதவைக் கழட்டிக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்பான். ஞாயிற்றுக்கிழமை அவனும் கூட்டாளிகளும் தூரத்து மிதவை வரைக்கும் போகிறார்கள். தொண்ணூற்றைந்துக்கு மேல் வைத்திருக்கிறவர்கள் பிள்ளைகளோடு முழங்கால் தண்ணீரிலேயே விளையாடலாம் என்று சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வாத்தியாரின் ஏழாம் வகுப்பு. அவர்களோடு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நிற்பதைவிட வாத்தியார் வேலையையே விட்டுவிடுவார்.

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள்.

“இருக்கு சார், ஒண்ணு. தூசி தட்டணும். நீங்க வண்டியை வாசலுக்குக் கொண்டு வாங்க, பத்து நிமிஷத்துல ரெடி.”

வாத்தியார் வண்டியைக் கொண்டு வருவதற்குள் பலகை தயாராக இருந்தது. வெள்ளையில் நீலக் கோடு போட்ட பலகை, உறை கிடையாது. வால் பக்கத்தில் பளபளவென்று ‘95’.

வாத்தியார் அந்த எண்ணை விரலால் தடவப் போனார். கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணு மட்டும் சார். வால் பக்கம் துணி வச்சுத் தேய்ச்சிடாதீங்க.”

“தெரியும், தெரியும். என் மச்சினனும் அங்க யாரையும் கை வைக்க விடமாட்டான். நல்ல பலகைன்னா அப்படித்தான்.”

பலகையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “பாருங்க, எவ்வளவு சிறுசு. அந்த நூத்தி இருபத்தஞ்சை என் தலையில கட்டப் பார்த்தீங்களே. எண் பார்த்து வாங்கத் தெரியணும்.”

கடைக்காரர் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாத்தியார் மிதப்போடு வெளியே போய் வண்டிக் கூரையில் பலகையைக் கட்ட ஆரம்பித்தார். மச்சினனுக்குப் படம் அனுப்பிவிட்டுத்தான் முதல் முடிச்சையே போட்டார்.

மனைவி ஸ்டூலை விட்டு எழுந்தாள். உள்ளறைத் தரையில் ‘125’ என்று எழுதிய உறை காலியாகக் கிடந்தது அங்கிருந்தே தெரிந்தது.

“அதுதானே இது?”

“அதேதாம்மா. சார் எடை என்ன, நிஜமா?”

“தொண்ணூத்தி மூணு.”

“அப்ப இது சரியா இருக்கும். முங்க மாட்டார், ஞாயித்துக்கிழமை மிதவை வரைக்கும் போயிட்டு வந்துடுவார்.”

வாசலில் வாத்தியார் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் பார்த்த பார்வையில் இருபது வருஷத்து அலுப்பு இருந்தது.

“இந்த மனுஷனை இப்படி ஏமாத்தித்தான் கரை சேர்க்க வேண்டியிருக்கு. என் தம்பியைப் பாருங்க, அவனும் இவர் எடைதான். அசல் தொண்ணூத்தஞ்சுல எப்படிப் பறக்கிறான். அதுக்கெல்லாம் ஒரு இது வேணும். இவருக்கு ஏழு ஜென்மம் ஆனாலும் வராது.”

கடைக்காரர் விரலில் ஒட்டியிருந்த பசையை உருட்டி எடுத்தபடி மெல்லச் சொன்னார்.

“உங்க தம்பி பலகைக்கு ஒட்டினது போக மிச்சம் இருந்த ஸ்டிக்கர்தாம்மா இது.”